மோதிரத்தின் மைனஸ் மூன்று: மறைவான மாடிஃபையரை எங்கே ஒளித்து வைப்பது?

ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக ஆட, ஒருவர் கதையை நடத்தும் மேஜைக் கதையாட்டங்களை (டேபிள்டாப் ஆர்பிஜி) நான் நடத்துகிறேன். அப்படி நடத்திய ஒரு காம்பெய்னில், அதாவது பல செஷன்களாக நீளும் தொடர்கதையில், பழைய கல்லறையில் கிடைத்த மோதிரம் ஒன்றை ஒரு ஆட்டக்காரர் தன் வீரனின் விரலில் மாட்டிவிட்டார். இந்த ஆட்டத்தில் இருபது முகப் பகடையை உருட்டி, வீரனின் திறமைக்கான போனஸைக் கூட்டி, ஒரு இலக்கு எண்ணை எட்ட வேண்டும். செத்தவை நடமாடும் இடத்தில் அந்த மோதிரம் அவனுடைய எல்லா உருட்டலிலும் 3 குறைக்கும். இப்படிக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் எண்தான் மாடிஃபையர். அவருக்கு அது தெரியாது. தெரியாமல் இருப்பதில்தான் கதையே இருந்தது. இரண்டு செஷன் நன்றாகப் போனது. மூன்றாவதில் அவர் பகடையை உருட்டி "16" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மத்தவங்க நம்பர் சொன்னா உடனே பதில் சொல்றீங்க. நான் சொன்னா மட்டும் ஒரு தடவை நோட்டைப் பார்க்கிறீங்க. என் மேல ஏதோ இருக்கு, இல்லையா?"

இருந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் அந்த வீரன் தன்னிடம் இருந்த பொருள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துப் பார்த்து மோதிரத்தைக் கண்டுபிடித்துவிட்டான். கணக்கில் ஒரு பிசகும் இல்லை. என் கண்தான் காட்டிக்கொடுத்தது.

அதற்கப்புறம் எனக்குத் தெரிந்த வழிகளை எல்லாம் ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்தேன். எது எங்கே பொருந்தும், எது எங்கே சொதப்பும் என்று இப்போது ஓரளவு தெளிவாகச் சொல்ல முடியும்.

முதலில் ஒரு கேள்வி. நீங்கள் மறைப்பது எண்ணையா, முடிவையா? வாளை வீசினால் பட்டதா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும்; அங்கே மறைக்க வேண்டியது எண் மட்டும். எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறாரா, இந்தக் கதவில் பொறி இருக்கிறதா, நான் போட்ட மாறுவேடம் சரியாக வந்திருக்கிறதா என்றால், முடிவே அந்த ஆளுக்குத் தெரியக் கூடாது. 3 விழுந்த பகடையைக் கண்ணால் பார்த்தவரிடம் "பொறி எதுவும் தெரியவில்லை" என்றால், அவர் கதவைத் தொடவே மாட்டார். இந்த இரண்டையும் ஒரே முறையில் சமாளிக்கப் பார்ப்பதால்தான் பாதித் தலைவலி வருகிறது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் செய்தேன்.

பழைய நாளில் இது இவ்வளவு சிரமமாக இருக்கவில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டம் 1974ல் வந்தது. அதன் அட்வான்ஸ்டு பதிப்பில் ஆட்டக்காரர் கையேடு 1978லும், நடத்துபவருக்கான கையேடு 1979லும் வெளியாயின. எந்த எண் விழுந்தால் அடி படும் என்கிற அட்டவணை இருந்தது நடத்துபவரின் புத்தகத்தில். ஆட்டக்காரர் உருட்டிச் சொல்வார், நடத்துபவர் அட்டவணையைப் பார்த்துப் பதில் சொல்வார். எல்லாருடைய உருட்டலுக்கும் அவர் குனிந்தே ஆக வேண்டும். சபிக்கப்பட்ட வாளின் மைனஸ் அந்தக் குனிதலுக்குள் சத்தமில்லாமல் கரைந்துவிடும். 1989ல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தக் கணக்கு ஆட்டக்காரரின் புத்தகத்துக்கே வந்துவிட்டது. 2000ல் வந்த மூன்றாம் பதிப்பில் பகடை, கூட வேண்டிய எண், எட்ட வேண்டிய இலக்கு என்று எல்லாம் பச்சையாகத் தெரிகிற கூட்டல் கணக்கு ஆனது. ஆட்டக்காரருக்கு அது நல்லதுதான். ஆனால் மறைப்பதற்கு இருந்த இடம் சுருங்கிவிட்டது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, நடத்துபவரே தன் முன்னால் நிறுத்திய அட்டைத் தடுப்புக்கு, அதாவது ஸ்கிரீனுக்கு, பின்னால் உருட்டிவிடுவது. 2019ல் வந்த பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு இதை விதியாகவே வைத்திருக்கிறது. சில சோதனைகளுக்கு "ரகசியம்" என்று குறி போட்டிருப்பார்கள். அந்தக் குறி இருந்தால் உருட்டுவது நடத்துபவர். முடிவை மறைக்க வேண்டிய இடத்தில் இதைவிட இறுக்கமான வழி கிடையாது. எண்ணும் தெரியாது, மாடிஃபையரும் தெரியாது, தோற்றோமா ஜெயித்தோமா என்பதும் தெரியாது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஆட்டக்காரர் பகடையைக் கையில் எடுக்கிற அந்த நொடியைப் பாருங்கள். உள்ளங்கையில் வைத்துக் குலுக்குவார், ஒருவர் ஊதுவார், பக்கத்தில் இருப்பவர் "இருபது, இருபது" என்பார், மேஜையே அந்த ஒரு துண்டு பிளாஸ்டிக்கைச் சுற்றிக் குனியும். இதை ஒரு ஸ்கிரீனுக்குப் பின்னால் கொண்டுபோனால் அவருக்கு மிஞ்சுவது பகடை உருளும் சத்தம் மட்டும். ஒரு செஷனில் மூன்று நான்கு தடவை என்றால் அந்தச் சத்தமே பதற்றம் தரும். சண்டை உட்பட எல்லாவற்றுக்கும் இதைச் செய்தால், வந்தவர்கள் கதை கேட்க உட்கார்ந்தவர்களாக ஆகிவிடுவார்கள். சண்டைக்கு நான் இதைச் செய்வதே இல்லை.

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது: மாடிஃபையரை உருட்டலில் வைக்காமல் இலக்கில் வைப்பது. உருட்டலில் 3 குறைப்பதும் இலக்கில் 3 கூட்டுவதும் கணக்குப்படி ஒன்றே. இலக்கு 15, வீரனின் போனஸ் 5 என்றால் பகடையில் 10 வேண்டும். அதற்கு வாய்ப்பு 55 சதவீதம். மோதிரம் இருந்தால் 13 வேண்டும், 40 சதவீதம். இதைச் செய்ய, ஆட்டக்காரர் உருட்டிய பிறகு நடத்துபவர் எதையும் கழிக்க வேண்டியதில்லை. சண்டை தொடங்கும் முன்பே அந்த வீரனுக்கு மட்டும் இலக்கு 18 என்று குறித்துக்கொண்டால் போதும். அவர் எண்ணைச் சொன்னதும் பதில் உடனே வரும், குனிய வேண்டியதில்லை. பகடை அவர் கையில், அவருடைய கூட்டலும் அவர் கையில். நீங்கள் தொடுவது உங்களுடைய எண்ணை மட்டும்.

ஆனால் கூர்மையான ஆட்டக்காரர்கள் இதையும் பிடிப்பார்கள். மொத்தம் 17 படவில்லை, 18 பட்டது என்றால் இலக்கு 18 என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவர் அதே எதிரியை 15ல் வெட்டியிருந்தால் அந்த இடத்திலேயே விஷயம் வெளியே வந்துவிடும். 2014ல் வந்த டன்ஜன்ஸ் ஐந்தாம் பதிப்பை ரொம்ப நாளாக ஆடுபவர்களுக்கு, எலும்புக்கூட்டின் கவச எண், அதாவது அதன் மேல் அடி பட எட்ட வேண்டிய இலக்கு, 13 என்பது மனப்பாடம். 14 சொன்னவரிடம் "படவில்லை" என்றால் மேஜையில் நான்கு தலை நிமிரும். ஆக, இந்த வழி ஒருமுறை மட்டும் எதிர்ப்படும் எதிரிகள், ஒவ்வொன்றும் வேறு வேறு எண் உள்ள தடைகள், சுவர் ஏறுவது, பூட்டுத் திறப்பது போன்றவற்றுக்கு மிகப் பொருத்தம். ஒரே மாதிரி எட்டு எலும்புக்கூடுகளோடு அரை மணி நேரச் சண்டை என்றால், ரகசியம் நான்கைந்து சுற்றுக்குமேல் தாங்காது. தாங்காமல் போவதிலும் தவறில்லை. "இந்த ஒருத்தனுக்கு மட்டும் ஏன் படமாட்டேங்குது?" என்று அவர்களாகவே கேட்டால், அந்தக் கண்டுபிடிப்பு அவர்கள் சம்பாதித்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மறைக்கும் எண் எவ்வளவு பெரியது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. இருபது முகப் பகடையில் ஒவ்வொரு எண்ணும் 5 சதவீதம். மைனஸ் 1 என்றால் இருபது உருட்டலில் ஏறக்குறைய ஒன்றில்தான் முடிவு மாறும். அந்த ஒன்றுக்காக நீங்கள் இருபது தடவை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அது வீண் உழைப்பு. மறைப்பதாக இருந்தால் குறைந்தது 3 வையுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மூன்று ஆறுமுகப் பகடையை உருட்டித் திறன் எண்ணுக்குள் வர வேண்டிய கர்ப்ஸ் போன்ற ஆட்டங்களில் கதையே வேறு. திறன் 12 உள்ளவருக்கு வெற்றி வாய்ப்பு 74 சதவீதம். மறைவாக 2 குறைத்தால் 50க்கு விழும். அதே 2ஐத் திறன் 16 உள்ள கைதேர்ந்தவரிடம் குறைத்தால் 98 சதவீதம் 91 ஆகும், அவ்வளவுதான். நடுத்தரத் திறமைசாலி சாபத்தை உடனே உணர்வார். கைதேர்ந்தவர் மாதக்கணக்கில் உணராமலே திரிவார். சாபத்தை யார் தலையில் கட்டுவது என்று முடிவெடுக்கும்போது இது பெரிய விஷயம்.

இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்கும் டிஸ்அட்வான்டேஜை மறைத்துப் பார்க்கலாமா என்றும் தோன்றும். ஆட்டக்காரர் ஒன்றை வெளிப்படையாக உருட்டுவார், நடத்துபவர் இன்னொன்றை ஸ்கிரீனுக்குப் பின்னால் உருட்டுவார், குறைந்தது செல்லும். ஒரே இலக்கு எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் இது நன்றாகவே மறையும். இன்றைக்கு 17 படாது, நாளைக்கு 14 படும். ஆனால் அவர் கையில் 20 விழுந்த அன்று என்ன செய்வீர்கள்? எல்லாரும் கத்திக் கைதட்டி முடித்த பிறகு "படவில்லை" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அந்த மௌனம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதோடு இந்த வழியைத் தாக்குதல் உருட்டலுக்குக் கைவிட்டேன். இலக்கை உயர்த்தும் வழியில் இந்தச் சிக்கல் வராது. 20 விழுந்தால் 20தான்.

முடிவையே மறைக்க வேண்டிய இடத்தில், பகடையையும் ஆட்டக்காரர் கையில் விட முடியுமா? முடியும். அதற்கு இரண்டு வழி எனக்குப் பிடித்தவை.

ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு உருட்டுவது. பகடைக் கோபுரத்தின் வாயை நடத்துபவர் பக்கம் திருப்பி வைத்தால், ஆட்டக்காரர் மேலே போடுவார், எண் ஸ்கிரீனுக்கு உள்பக்கம் விழும். கோபுரம் இல்லையென்றால் குவளையில் குலுக்கிக் கவிழ்த்து, அப்படியே என் பக்கம் தள்ளச் சொல்வேன். இணையத்தில் ஆடுபவர்களுக்கு இது இன்னும் சுலபம். இணையத்தில் ஆட உதவும் ஃபவுண்ட்ரி என்ற மென்பொருளில் "பிளைண்ட்" உருட்டல் என்று ஒன்று உண்டு. உருட்டுவது ஆட்டக்காரர், எண்ணைப் பார்ப்பது நடத்துபவர் மட்டும். அதைத் தனி உருட்டலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தனி உருட்டலில் உருட்டியவருக்கும் எண் தெரியும். அதே வகைத் தளமான ரோல்20ல் இருக்கும் ஜிஎம்ரோல் கட்டளையும் அப்படித்தான்.

இணைய மேஜையில் ஓர் ஓட்டை உண்டு, கவனம். மைனஸ் 3ஐ ஆட்டக்காரரின் கேரக்டர் ஷீட்டில் (வீரனின் எண்கள் எல்லாம் இருக்கும் தாள்) எங்காவது ஏற்றிவைத்தால், முடிவைச் சொடுக்கியதும் கணக்கு முழுதும் விரிந்துவிடும். பகடை, போனஸ், அப்புறம் எங்கிருந்தோ வந்த ஒரு மைனஸ். மோதிரத்தின் பெயரையே அங்கே எழுதிவைத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஷீட் அவருடையது, அவர் எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்ப்பார். இணையத்திலும் எண்ணை உங்கள் பக்கத்து இலக்கில் வைப்பதே பத்திரம்.

இன்னொரு வழி கொஞ்சம் விசித்திரமானது. ஆனால் நான் ரொம்ப மதிக்கிறேன். உருட்டலுக்கு முன்பே நடத்துபவர் ரகசியமாக ஒரு இருபது முகப் பகடையை உருட்டி, எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்கிறார். சீட்டில் 14 என்று வைத்துக்கொள்வோம். ஆட்டக்காரர் வெளிப்படையாக உருட்டுகிறார், 9 விழுகிறது. இரண்டையும் கூட்டினால் 23. 20ஐத் தாண்டினால் 20ஐக் கழிக்க வேண்டும். ஆக உண்மையான எண் 3. இப்படிக் கிடைக்கும் எண் ஒன்று முதல் இருபது வரை எல்லாம் சமவாய்ப்போடுதான் வரும். தன் 9ஐப் பார்த்து அவரால் எதையும் ஊகிக்க முடியாது. முக்கியமாக, சீட்டு முன்பே எழுதப்பட்டதால் நடத்துபவரால் முடிவை வளைக்கவும் முடியாது. சீட்டில் எழுதியவருக்கு எந்தப் பகடை விழும் என்று தெரியாது, பகடை போட்டவருக்குச் சீட்டில் என்ன என்று தெரியாது. செஷன் முடிந்ததும் சீட்டைத் திறந்து காட்டலாம். அவருடைய 9க்குத் தன்னளவில் அர்த்தமில்லை என்பதால் சிலருக்கு இது பிடிக்காது, அதுவும் நியாயம்தான். ஒரு செஷனில் ஒன்றிரண்டு முக்கியமான தருணங்களுக்கு மட்டும் எடுங்கள். ஒவ்வொரு கதவுக்கும் சீட்டு எழுதினால் இரவு அதிலேயே போய்விடும்.

முன்கூட்டியே உருட்டி வைக்கும் பட்டியலும் உண்டு. செஷன் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் பத்து முறை உருட்டி எழுதித் தந்துவிடுவார்கள். தேவைப்படும்போது நடத்துபவர் மேலிருந்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவார். வேகமாகப் போகும், பகடைச் சத்தமே கேட்காது. அதனால் "இப்போது ஏதோ சோதித்தார்" என்பதுகூடத் தெரியாது. ஒளிந்திருக்கும் எதிரிகளுக்கு இது அருமை. பட்டியலின் வரிசையை ஞாபகம் வைத்துக்கொள்ளும் ஆட்டக்காரர் ஒருவர் இருந்தால் நடுவில் எங்கிருந்தாவது தொடங்குங்கள்.

உருட்டாமலே ஒருவர் எதையாவது கவனிப்பாரா என்று பார்க்க உதவும் பேசிவ் எண்ணைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 10ஓடு போனஸைக் கூட்டினால் வருவது அந்த எண், பகடையே கிடையாது. ஐந்தாம் பதிப்பில் டிஸ்அட்வான்டேஜ் இருந்தால் அதில் 5 குறையும். மறைவான மாடிஃபையரையும் அதில் கழித்துக்கொண்டால் போதும், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லாததால், பொறியை வைக்கும்போதே அவர் அதைப் பார்ப்பாரா மாட்டாரா என்று நீங்களே தீர்மானித்துவிட்டதாக ஆகிவிடும். அது எனக்கு உறுத்துகிறது.

சில ஆட்டங்களில் இந்த வழிகள் எதுவும் நடக்காது, முயலவும் வேண்டாம். 2010ல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டும் அதன் வழியில் வந்தவையும் இரண்டு ஆறுமுகப் பகடையில் ஓடுகின்றன. 6 வரை தோல்வி, 7 முதல் 9 வரை விலையோடு வெற்றி, 10ம் அதற்கு மேலும் முழு வெற்றி. இது மேஜையில் உள்ள எல்லாருக்கும் தெரியும். நடத்துபவர் பகடையைத் தொடுவதே இல்லை. ஆட்டக்காரர் 8 என்று கூட்டி முடிக்கும்போது தன் முடிவைத் தானே அறிவித்துவிடுகிறார். அங்கே மைனஸ் 1ஐ ஒளிக்க மூலையே கிடையாது. பிளேட்ஸ் இன் தி டார்க்கில் எவ்வளவு ஆபத்து, எவ்வளவு பலன் என்பதை உருட்டும் முன்பே வாய்விட்டுப் பேசியாக வேண்டும். இவற்றில் மோதிரத்தின் சாபத்தை விளைவில் வையுங்கள். 7 முதல் 9க்குள் விழும்போதெல்லாம் அந்த விலை ஏதோ ஒரு விதத்தில் செத்தவர்களோடு தொடர்புள்ளதாக இருக்கட்டும். எண்ணைத் தொடாமலே ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பது 1984ல் வந்த பாரனோயா. அதில் ஆட்டக்காரர் விதிகள் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதே துரோகம், அதற்கே தண்டனை உண்டு. அந்த மேஜையில் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம், ஏனென்றால் அதற்குச் சம்மதித்துத்தான் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தச் சம்மதத்தை எந்த ஆட்டத்திலும் முதலில் வாங்கிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். காம்பெய்ன் தொடங்கும் முன் ஒரு வாக்கியம் போதும்: "இதில் உங்களுக்குத் தெரியாத எண்கள் சில இருக்கும், எல்லாவற்றுக்கும் கதையில் காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும்." இதைக் கேட்டு முகம் சுளிப்பவர் இருந்தால் அந்த மேஜையில் எதையும் மறைக்க வேண்டாம். "ஏதோ உன் கையைப் பிடித்து இழுக்கிறது, 3 குறைத்துக்கொள், காரணம் தெரியாது" என்று நேராகச் சொல்லுங்கள். எண் தெரிந்தாலும் காரணம் தெரியாத மர்மம் நன்றாகவே வேலை செய்யும். உண்மையில் பல மேஜைகளுக்கு இதுவே போதும்.

மறைப்பதாக இருந்தால், எண்ணை முன்பே எழுதிவையுங்கள். ஆட்டக்காரர் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால், மறைவான மாடிஃபையரும் நடத்துபவர் தன் இஷ்டத்துக்கு முடிவை மாற்றுவதும் ஒரே மாதிரிதான் தெரியும். 16 சொன்னார், படவில்லை. சாபமா, உங்களுக்கு வில்லனைக் காப்பாற்ற ஆசையா? அவரால் பிரித்தறிய முடியாது. உங்களாலும் சில சமயம் முடியாது. பதற்றமான சண்டையில் 3 எப்போது 4 ஆனது என்று நமக்கே தெரியாமல் போகும். எழுதிவைத்த எண் இரண்டு பேரையும் காப்பாற்றும்.

இப்போது நான் செய்வது இதுதான். சண்டைக்கும் உடனே முடிவு தெரியும் காரியங்களுக்கும் இலக்கை உயர்த்துகிறேன். பொய், பொறி, மாறுவேடம் போன்றவற்றுக்கு ஆட்டக்காரரே குவளையில் குலுக்கி என் பக்கம் கவிழ்க்கிறார். உயிர் போகிற ஒரு தருணம் வந்தால் மட்டும் சீட்டு. யார் எண் சொன்னாலும், மாடிஃபையர் இருக்கிறதோ இல்லையோ, ஒரு முறை நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். ஆரம்பத்தில் இது ஆட்டத்தை மெதுவாக்குமோ என்று பயந்தேன். அரை நொடிதான், யாரும் கவனிப்பதில்லை. சாபம் செயல்படும்போதெல்லாம் கதையில் ஒரு சின்ன அடையாளமும் வைக்கிறேன். மோதிரம் குளிர்ந்தது, விரல் மரத்தது, வாள் பிடியில் நழுவியது, இப்படி ஏதாவது ஒன்று. தேட வழியே இல்லாத ரகசியத்தை ஆட்டக்காரர் துரதிர்ஷ்டம் என்றுதான் நினைப்பார். அப்படி நினைத்துவிட்டால் மறைத்ததற்கே பலன் இல்லை.

அந்த மோதிரத்துக்கு அப்புறம் இன்னொரு காம்பெய்னில், வேறொருவருக்கு ஒரு தாயத்து கொடுத்தேன். இந்த முறை "மைனஸ் 3, இருட்டில் மட்டும்" என்று ஒரு சீட்டில் தேதியோடு எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேஜை நடுவிலேயே வைத்துவிட்டேன். எல்லாருக்கும் உறை தெரியும், உள்ளே என்ன என்று தெரியாது. ஆறு செஷன் கழித்து ஒரு சுரங்கத்தில், "நான் வெளிச்சத்துல நின்னா இப்படி ஆகறதில்ல" என்று அவர் மெல்லச் சொன்னார். பந்தத்தைக் கொண்டுவரச் சொல்லி, தாயத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, உறையைக் கை நீட்டிக் கேட்டார். கொடுத்தேன். சீட்டைப் படித்ததும் அவர் முதலில் பார்த்தது எண்ணை இல்லை, தேதியை. அப்புறம் தன் நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டி, இருட்டில் தவறிய ஒவ்வொரு அடியையும் விரல் வைத்துத் தேட ஆரம்பித்தார்.